செத்தபின் கேட்கும் கேள்விகள்

காவியங்களைத் திறனாய்ந்திருக்கிறோம். புராணங்களைப் புரட்டி, இது பொருள், இது புளுகு என்று பிரித்துக் காட்டியிருக்கிறோம். இம்முறை நாம் கையிலெடுத்திருக்கும் ஏட்டில் காதலும் இல்லை, களமும் இல்லை. 1894ஆம் ஆண்டில் வெள்ளையராட்சி இயற்றிய சிறைச் சட்டம் அது! வழக்கறிஞர்க்கும் சிறை அதிகாரிக்கும் உரிய நூலை இலக்கிய ஏட்டுக்குள் ஏன் இழுத்து வருகிறீர் என்று கேட்கும் அன்பர் இருப்பர். மொழியால் ஆன எதுவும் திறனாய்வுக்கு உரியதே. அதிலும், ஒரு மனிதனின் காய்ச்சலுக்கு மருந்து கிடைக்குமா, கிடைக்காதா என்பதை முடிவு செய்கிற மொழி, நிலவையும் தென்றலையும் பாடுகிற மொழியைக் காட்டிலும் கவனமாகப் படிக்கப்பட வேண்டாவா?

பேரணாம்பட்டிலிருந்து தொடங்குவோம். தோலை ஊறவைத்து, சுண்ணாம்பிட்டு, மயிர் களைந்து, சதை சீவி, பதனிட்டு, பார்முழுதும் நடக்கிற கால்களுக்குக் காலணி தரும் வட்டாரம் அது. பெருமைக்குரிய உழைப்பு! ஆயின் அந்த உழைப்பு உடலிடம் வரி வாங்காமல் விடுவதில்லை. சுண்ணாம்பும் அமிலமும் குரோம் உப்பும் கையை அரிக்கும். தூசும் ஆவியும் மூச்சை இழுக்கும். ஆட்டுத் தோலைப் பதப்படுத்துகிறவனின் சொந்தத் தோல் பாழாகிறது. எனினும் அவன் வெளியே இருக்கும்வரை ஏதோ ஒரு வழி உண்டு. ஊரிலுள்ள அரசு மருத்துவமனை. அங்கே முடியாவிட்டால் குடியாத்தம். அதற்கும் மேலே வேலூரை அடுத்த அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி. கடன் வாங்கியேனும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் வாசலுக்குப் போய் நிற்பான். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய அந்த மருத்துவமனைக்கு இன்று வங்கத்திலிருந்தும் வடகிழக்குக் கோடியிலிருந்தும் மக்கள் வந்து குவிகிறார்கள்.

அதே வேலூரில், தொரப்பாடியில், இன்னொரு பழைய நிலையம் இருக்கிறது. மத்தியச் சிறை. கைகலப்போ, கடன் தகராறோ, போலீசார் போட்ட ஏதோ ஒரு வழக்கோ, நம் பதனிடும் தொழிலாளி அதன் வாயிலுக்குள் நுழைந்த நாழிகையிலிருந்து அவனுடைய நோய் அவனுடையதன்று. மூச்சிரைத்தால் எழுந்து போய் மருத்துவரைப் பார்க்க இயலாது. சட்டத்தின் 37ஆம் பிரிவு வகுத்த வழியில்தான் அவன் இருமல் நடக்கவேண்டும்: காவலர் கேட்க வேண்டும், கேட்டவர் ஜெயிலரிடம் தாமதமின்றிச் சொல்ல வேண்டும், ஜெயிலர் மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று வாய் கடந்து போகிற இருமல்! ஒரு வாய் உறங்கினாலும் போதும், இருமல் அங்கேயே நின்றுவிடும்.

சட்டத்தில் இரக்கமே இல்லையென்று நாம் சொல்லமாட்டோம். உள்ளதை உள்ளபடி உரைப்பதே திறனாய்வு. சிறைக்கு வந்தவனை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்கிறது 24ஆம் பிரிவு. ஒவ்வொரு சிறையிலும் மருத்துவமனையோ, நோயாளியை வைக்கத் தக்க இடமோ இருந்தாக வேண்டும் என்கிறது 39. வேலை வாங்கப்படும் கைதியின் எடையைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது அவனுடைய வரலாற்றுச் சீட்டில் குறிக்க வேண்டும் என்கிறது 35. இந்த எடைக் கதை பேரணாம்பட்டாருக்குச் சட்டென்று விளங்கும். மண்டிக்கு வருகிற பச்சைத் தோலையும் தராசிலிட்டுத்தானே கணக்கெழுதுகிறார்கள்! தோலின் எடை குறைந்தால் வணிகருக்கு நட்டம். உடனே கேள்வி பிறக்கிறது. கைதியின் எடை குறைந்தால் யாருக்கு நட்டம்? அதனால்தான் அங்கே எண் எழுதப்படுகிறது, கேள்வி பிறப்பதில்லை.

இனி, இந்நூலின் மிகச் சிறந்த பகுதிக்கு வருவோம். சிறந்த பகுதி என்று நாம் சொல்வது எள்ளலுக்காக அன்று. நோயாளி ஒருவனைப் பற்றி இச்சட்டம் எங்கேனும் முழு மனத்தோடு, முழு அறிவோடு பேசுகிறதென்றால் அது 15ஆம் பிரிவில்தான். என்னென்ன கேட்கிறது பாருங்கள்! எந்த நாளில் அவன் முதன்முதலில் உடல் நலமில்லை என்று சொன்னான், அல்லது நலமின்றிக் காணப்பட்டான்? அன்று அவன் என்ன வேலை செய்துகொண்டிருந்தான்? அன்று அவனுக்கு என்ன அளவு உணவு கொடுக்கப்பட்டது? மருத்துவமனையில் எந்நாள் சேர்க்கப்பட்டான்? மருத்துவருக்கு முதன்முதலில் எப்போது தெரிவிக்கப்பட்டது? நோய் இன்னதென்று என்ன? மருத்துவரோ அவருடைய துணைவரோ அவனைக் கடைசியாகப் பார்த்தது எப்போது? அடடா, எவ்வளவு அக்கறை! எவ்வளவு நுட்பம்! வேலைக்கும் நோய்க்கும் தொடர்புண்டா என்று ஆராய்கிறது. உணவுக்கும் நோய்க்கும் உறவுண்டா என்று பார்க்கிறது. சொன்ன நாளுக்கும் சேர்த்த நாளுக்கும் நடுவிலே எத்தனை நாள் வீணாயிற்று என்று கணக்குக் கேட்கிறது. கைதேர்ந்த மருத்துவன் நோயாளியின் அருகே அமர்ந்து கேட்கவேண்டிய கேள்விகள் அத்தனையும் அங்கே வரிசையாக நிற்கின்றன.

ஆனால், தோழர்களே, அந்தப் பிரிவின் தலைப்பு என்ன தெரியுமா? கைதியின் மரணம் குறித்த அறிக்கை! அவன் செத்தபிறகு பதிவேட்டில் நிரப்ப வேண்டிய விவரங்கள் அவை.

உயிரோடு இருப்பவனுக்கு 37ஆம் பிரிவின் சில வரிகள். செத்தவனுக்கு இத்தனைக் கேள்விகள். இருமலுக்கு மூன்று வாய்; பிணத்துக்கு ஒன்பது விவரம். சட்டம் எழுதியவருக்கு அறிவு இல்லாமலில்லை. எதைக் கேட்டால் உயிர் பிழைக்கும் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. அந்த அறிவை நோயாளியின் படுக்கைக்கு அனுப்பாமல் பிணவறைக்கு அனுப்பினாரே, அதுதான் நாம் காணும் குற்றம். ஏனென்றால் இந்த விவரங்கள் கைதியைக் காப்பதற்காக எழுதப்பட்டவை அல்ல. நாளைக்கு யாரேனும் கேட்டால் அதிகாரியைக் காப்பதற்காக எழுதப்பட்டவை.

அடுத்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். தகுதி. 50ஆம் பிரிவின்படி, தண்டனை உணவோ கசையடியோ கொடுப்பதற்குமுன் மருத்துவர் கைதியைச் சோதித்து, இதைத் தாங்கத் தகுதியுள்ளவன் என்று சான்று தரவேண்டும். கசையடி கொடுக்கும்போது அவர் உடனிருக்கவும் வேண்டும். பிரம்பின் தடிப்பு அரை அங்குலத்திற்குக் குறையக்கூடாது என்று அதையும் அளந்து எழுதிவைத்திருக்கிறது அந்நூல். மருத்துவன் எதற்கு? நோயைத் தீர்க்க என்று உலகம் நினைக்கிறது. நோயைத் தாங்குவானா என்று பார்த்துச் சொல்ல என்கிறது சட்டம். ஐக்கிய நாடுகள் அவை 2015இல் திருத்தி ஏற்றுக்கொண்ட சிறை விதிகள், மண்டேலாவின் பெயரைத் தாங்கியவை, இதற்கு நேர் எதிரான பாதையைக் காட்டுகின்றன. ஒழுங்கு நடவடிக்கையாகத் தண்டனை விதிப்பதில் மருத்துவப் பணியாளர்க்கு எந்தப் பங்கும் கூடாது என்கிறது அதன் 46ஆம் விதி. வெளியே மக்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமின்றி மருத்துவம் தருவது அரசின் பொறுப்பு என்கிறது 24ஆம் விதி. இருபத்தேழு ஆண்டுகள் சிறையிலிருந்து, அங்கேயே காசநோய்க்கு ஆளான மனிதரின் பெயரை அந்த விதிகளுக்கு வைத்தது பொருத்தம்தான்.

கசையடி பழங்கதையாகிவிட்டது, அதை ஏன் இப்போது கிளறுகிறீர் என்பாரும் உளர். தகுதி என்ற சொல் பழங்கதையாகவில்லையே! 2020 சூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனுமான இரு வணிகர்கள் காவல் நிலையத்தில் இரவெல்லாம் தாக்கப்பட்டனர். மறுநாள் அரசு மருத்துவரிடம் கொண்டுபோகப்பட்டனர். குருதி வழிந்துகொண்டிருந்த அவ்விருவருக்கும் சிறையிலடைக்கத் தகுதியுள்ளவர் என்ற சான்று கிடைத்தது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோவில்பட்டிக் கிளைச் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 22ஆம் நாள் இரவு மகன் இறந்தார். 23ஆம் நாள் காலை தந்தை இறந்தார். அடித்தவர் யார் என்ற வழக்கு உலகறியும். அந்தக் காகிதத்தை நாடு போதிய அளவு பேசவில்லை. கைதானவரை 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் சோதிக்க வேண்டும் என்று 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. சோதனை நடக்கிறது, சான்றும் எழுதப்படுகிறது. எதற்காக நடக்கிறது என்பதுதான் மாறவில்லை. உடம்பில் என்ன காயம் என்று கேட்க வேண்டிய மருத்துவரிடம், உள்ளே தள்ளலாமா என்று மட்டும் கேட்கப்படுகிறது.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தை முடிக்கும்போது மருத்துவத்திற்கு நான்கு கூறு சொல்கிறார்: நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிவிடை செய்பவன். சிறையிலே முதல் மூன்றும் எப்படியாவது இருந்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். நான்காவது ஆள் யார்? தாயா, மனைவியா, தங்கையா? துப்பாக்கி ஏந்திய காவலர்! அவர் பணி, நோயாளி பிழைத்தாரா என்று பார்ப்பதன்று. ஓடிவிட்டாரா என்று பார்ப்பது. அவரைக் குறைசொல்ல நமக்கு எண்ணமில்லை. ஓடிவிட்டால் அவர் வேலை போய்விடும், செத்துவிட்டால் போகாது. வேலைக்கு வைத்தவர் வகுத்த கணக்கு அது.

கணக்கு என்றதும் காசு நினைவுக்கு வருகிறது. சிறை மருத்துவம் இலவசம் என்கிறார்கள். எவ்வளவு இலவசம் என்று பார்ப்போம். 2019-20இல் நாடெங்கும் கைதிகளுக்காகச் செலவிட்டது ஏறத்தாழ 2,061 கோடி ரூபாய் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் காட்டியது. அதில் மருத்துவத்துக்கு ஏறத்தாழ 89 கோடி. நூற்றுக்கு நான்கு பங்கும் சில்லறையும். 2019 இறுதியில் சிறைகளில் இருந்தவர்கள் 4,78,600 பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 1,870 ரூபாய், நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்! பேரணாம்பட்டுக் கடைவீதியில் அந்த ஐந்து ரூபாயை நீட்டித் தேநீர் கேட்டால், கடைக்காரர் மீதிக் காசு எங்கே என்பார். வெளி மருத்துவமனைகளில் ஆகும் செலவு சுகாதாரத் துறையின் கணக்கில் வருமே என்று ஓர் அன்பர் திருத்துவார். வரட்டும். அந்த வெளி மருத்துவமனைக்குப் போவது எப்படி என்று அடுத்த கேள்வியைக் கேட்போம்.

மருந்துக்கு விலையில்லை, வழிக்காவலுக்குத்தான் விலை. தொரப்பாடியிலிருந்து அடுக்கம்பாறை கூப்பிடு தூரத்தை விடச் சற்று அதிகம், அவ்வளவே. நோயாளி அங்கே போக ஆயுதப்படைக் காவலர் வரவேண்டும். அவர்களுக்குத் தேர்தல் பணி, திருவிழாப் பணி, அமைச்சர் வருகைப் பணி. அமைச்சர் ஊருக்கு வருகிற நாளில் கைதியின் சிறுநீரகம் பொறுத்துக்கொள்ள வேண்டும்! மருத்துவர் குறித்துக் கொடுத்த நாள் கழிந்துவிட்டால் அடுத்த நாள் எப்போதென்று அவர் சொல்ல, அன்று காவலர் கிடைக்க, இப்படியே நாள் நகரும். எந்தக் கணக்கிலும் வராத விலை இதுதான். காசாக அன்று, நாளாக அது கட்டப்படுகிறது. கட்டுகிறவன் கைதி.

காசே வேண்டாத இடத்திலும் நாள்தான் வாங்கப்பட்டது. திருச்சி மாவட்டத்து விரகாலூரில் 1937இல் பிறந்து, சார்க்கண்டுப் பழங்குடி மக்களிடையே வாழ்ந்த ஸ்டான் சாமி அடிகளார், 2020 அக்டோபரில் கைதாகி மும்பையை அடுத்த தலோஜா சிறையில் அடைக்கப்பட்டார். நடுக்குவாத நோய். கோப்பையைப் பிடித்தால் நீர் சிந்தும். உறிஞ்சு குழலும் குழல் வைத்த குவளையும் கேட்டு நவம்பரில் நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். மறுமொழி கூறப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் பெற்றது. அவை எங்களிடம் இல்லை என்பதே வந்த மறுமொழி! தெருக்கடையில் கிடைக்கும் ஒரு குழலுக்காக ஒரு நீதிமன்றம், ஒரு முகமை, ஒரு சிறை நிர்வாகம், அத்தனை வழக்கறிஞர்கள்! 2021 சூலை 5ஆம் நாள், பிணைக் கோரிக்கை விசாரணையிலிருக்கும்போதே, 84 வயதில் மருத்துவமனையில் அவர் இறந்தார். அவர் மதம் வேறு, நம் வழி வேறு. தண்ணீருக்கு மதமில்லை.

செல்வச் செழிப்புள்ள அமெரிக்காவிலே நிலைமை எப்படி என்று ஆவலோடு கேட்கும் இளைஞர்க்கு ஒரு செய்தி. டெக்சாசுச் சிறையில் பஞ்சுப் பொதி விழுந்து முதுகில் அடிபட்ட கேம்பிள் என்னும் கைதி தொடுத்த வழக்கில், கைதியின் கடும் நோயை வேண்டுமென்றே புறக்கணிப்பது கொடுந்தண்டனைக்குச் சமம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1976இல் தீர்ப்பளித்தது. கொள்கை வென்றது, கேம்பிள் தோற்றார், அவருக்குக் கிடைத்தது போதிய மருத்துவம்தான் என்று! அங்கே பல மாநிலங்களில் கைதி மருத்துவரைப் பார்க்க ஒவ்வொரு முறையும் சில டாலர் கட்டணம் கட்டவேண்டும். அவனுக்குக் கிடைக்கும் கூலியோ மணிக்குச் சில செண்டு. இங்கே காசு வாங்காமல் காக்க வைக்கிறார்கள். அங்கே காசு கேட்டுத் தயங்க வைக்கிறார்கள்.

இனி மூன்றாவது சொல்: இயற்கை. 2022இல் இந்தியச் சிறைகளில் இறந்தோர் 1,995 பேர். அவர்களில் 1,773 பேரின் சாவு இயற்கை மரணம் என்று ஆவணக் காப்பகம் பதிந்திருக்கிறது. முதுமையால் இறந்தோர் அதில் சிறு பகுதி. பெரும்பகுதி நோயால் இறந்தோர். காசநோய், இதயநோய், கல்லீரல் நோய், எல்லாம் இயற்கை! தலைவிதி என்றார்கள் முன்னே, கர்மபலன் என்றார்கள். அம்மை வந்தால் அன்னை வந்தாள் என்று வேப்பிலை கட்டி மருந்தைத் தள்ளி வைத்தார்கள். மேடைதோறும் ஏறி நாம் மறுத்த அந்த மந்திரம், இன்று அலுவலகத்துக்குள் புகுந்து, காற்சட்டை அணிந்து, இயற்கை என்று பெயர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மருந்தால் தீரக்கூடிய நோய்க்கு மருந்து நேரத்தில் வராமல் ஒருவன் இறந்தால், அதில் இயற்கை எது? பூட்டு இயற்கையா? வராத வண்டி இயற்கையா?

குற்றவாளிக்கு இவ்வளவு பரிவா என்று கேட்போர்க்கும் ஒரு வார்த்தை. 2022 இறுதியில் சிறையிலிருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நால்வரில் மூவர்! குற்றம் மெய்ப்பிக்கப்படாதவர்கள். மெய்ப்பிக்கப்பட்டவருக்கும் நீதிபதி விதித்தது இத்தனை ஆண்டுச் சிறை. இத்தனை ஆண்டுச் சிறையும் ஒரு காசநோயும் என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதியதில்லை. வெளியே ஏழைக்கே நல்ல மருத்துவம் இல்லையே என்பது உண்மை. அதற்காகவும் போராடுவோம். ஆனால் வெளியிலிருக்கும் ஏழை ஒரு மருத்துவமனை கைவிட்டால் மறு மருத்துவமனைக்கு நடக்கலாம். நடக்கும் காலைக் கட்டியவர் எவரோ, மருத்துவரை அழைத்துவரும் கடமையும் அவரையே சேரும்.

நம்மவர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. சிறைக்குள் நோயின்றிப் போய்த் தொழுநோயோடு வெளிவந்த சுப்பிரமணிய சிவாவை நாடு மறக்கவில்லை. 1939இல் இந்தி எதிர்ப்பில் சிறைப்பட்டு, உள்ளே நோயுற்று, சனவரியில் நடராசனும் மார்ச்சில் தாளமுத்துவும் மறைந்தார்கள்; எழும்பூரில் அவர்கள் பெயரில் மாளிகை நிற்கிறது. 1957 நவம்பரில் தொடங்கிய சட்ட எரிப்புப் போராட்டத்தில் சிறை புகுந்தவர்களில் சிலர் உள்ளேயே மாண்டனர்; உடலைப் பெறுவதற்கே போராட வேண்டியிருந்தது. 1976இல் சென்னைச் சிறையில் தாக்கப்பட்ட முன்னாள் மேயர் சிட்டிபாபு அடுத்த ஆண்டு சனவரியில் இறந்தார்; இசுமாயில் ஆணையம் அமைந்தது. இத்தனை அனுபவம் உள்ள இயக்கம் தமிழகத்தில் வேறெது? எனில், 1967க்குப் பிறகு சிறையின் சாவி நம்மவர் கைக்கே வந்ததே, அப்போது தாளமுத்துவுக்கு வந்த நோய் நாளை இன்னொருவனுக்கு வந்தால் என்ன செய்வது என்று எத்தனை பேர் கேட்டோம்? தியாகிக்கு மலர்வளையம் வைத்தோம். மிதிவண்டித் திருட்டில் உள்ளே போன பையனுக்கு மாத்திரை வைக்க மறந்தோம். கொள்கைக்காகச் சிறை சென்றவனின் காய்ச்சலும் கோழி திருடியவனின் காய்ச்சலும் வெப்பமானியில் ஒரே அளவுதான் காட்டும்.

2023இல் ஒன்றிய உள்துறை, பழைய சட்டத்துக்கு மாற்றாக மாதிரிச் சட்டம் ஒன்றை வகுத்து மாநிலங்களுக்கு அனுப்பியது. சிறை மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். மாநிலம் தன் அறிவையும் பயன்படுத்தலாம். 2016ஆம் ஆண்டு மாதிரிச் சிறைக் கையேடு 300 கைதிகளுக்கு ஒரு மருத்துவர் வேண்டுமென்றது. எண் நல்லதுதான். அந்த மருத்துவர் கண்காணிப்பாளரின் முகம் பார்த்து எழுதுபவரா, நோயாளியின் முகம் பார்த்து எழுதுபவரா என்பதை எண் சொல்லாது.

வேலூரிலேயே அதற்கு ஓர் உரைகல் இருக்கிறது. ஆயுள் தண்டனை பெற்ற கைதி ஒருவர் அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தப்பட்டார். பிறகு திருட்டுப் பழி சுமத்தப்பட்டு, தனியறையில் பல வாரம் அடைக்கப்பட்டுத் தாக்கப்பட்டார் என்று அவருடைய தாய் 2024இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் முறையிட்டார். நீதிமன்றம் விசாரணைக்கு ஆணையிட்டது. சிறை அதிகாரிகள் மீது வழக்குப் பதிவாயிற்று. குற்றத்தை முடிவு செய்ய வேண்டியது நீதிமன்றம், நாம் அல்ல. நாம் படித்த ஏட்டில் 29ஆம் பிரிவு ஒன்று உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் தனியறையில் அடைக்கப்பட்ட எவரையும் மருத்துவரோ அவருடைய துணைவரோ நாள்தோறும் ஒருமுறையேனும் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அது. அடைத்தது உண்மையானால், அத்தனை நாளும் யாரோ ஒருவர் போய்ப் பார்த்திருக்க வேண்டும். போனாரா? போனவர் என்ன கண்டார்? கண்டதை எழுதினாரா?

பேரணாம்பட்டு, ஆம்பூர், குடியாத்தம் வட்டாரத்துப் படிப்பகத் தோழர்கள் இதைக் கூட்டம் போட்டுப் பேசுவதோடு விடவேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பம் எழுதலாம். ஒருவரின் உயிரையும் உரிமையையும் பற்றிய தகவலானால் 48 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது அதன் 7ஆம் பிரிவு. மத்தியச் சிறையில் எத்தனை மருத்துவர் பணியிடம், எத்தனை காலி? கடந்த ஓராண்டில் வெளி மருத்துவமனைக்குக் குறிக்கப்பட்ட நாளில் வழிக்காவல் இன்மையால் போகாமல் நின்றவர் எத்தனை பேர்? 35ஆம் பிரிவின்படி எழுதப்பட்ட எடைக் குறிப்புகளில், எடை குறைந்துகொண்டே வந்தவர்களுக்கு என்ன செய்யப்பட்டது? 15ஆம் பிரிவின் கேள்விகளை எடுத்து, கடந்த வாரம் மூச்சுத் திணறல் என்று சொன்ன, இன்றும் உயிரோடிருக்கும் கைதிகளுக்காக நிரப்பித் தாருங்கள் என்றும் கேளுங்கள். வரும் விடைகளை ஒன்று விடாமல் வெளியிட இந்த ஏட்டில் இடம் உண்டு.